யார் கை பட்ட கட்டடம்?

1986 ஜனவரி 26. நாடு குடியரசு தினம் கொண்டாடிக்கொண்டிருந்த அன்று, அமிர்தசரஸ் பொற்கோயில் வளாகத்தில் ஒரு பெருங்கூட்டம் கூடி ஒரு கட்டடத்தை இடிக்கத் தொடங்கியது. அந்தக் கட்டடத்துக்கு வயது இரண்டுகூட நிரம்பவில்லை. பளிங்கு புதுசு, பூச்சு புதுசு, கும்பத்தின் மேல் தங்கத்தகடு புதுசு. விரிசல் எதுவும் இல்லை. அதன் பெயர் அகால் தக்த். உலகெங்கும் உள்ள சீக்கியர்களுக்கு அதைவிட உயர்ந்த அதிகார பீடம் கிடையாது. இடித்தவர்களும் சீக்கியர்கள்தான்.

அட, புதுசாக் கட்டின கோயிலை யாராவது இடிப்பாங்களா?

முதன்முதலில் இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தீவிரவாதிகளின் அரசியல் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அரசியல் இருந்தது, உண்மை. ஆனால் அந்த இடிப்புக்குத் தீவிரவாதத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத சாதாரண சீக்கியர்கள்கூட ‘இடித்தது சரி’ என்றுதான் பெரும்பாலும் நினைத்தார்கள். அது ஏன் என்று புரிய வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒரு நானூறு வருஷம்.

*

அமிர்தசரஸில் முதலில் வந்தது கோயில் இல்லை, குளம். நான்காம் குரு ராம்தாஸ் 1570களில் ஒரு ஊரை உருவாக்கி அங்கே குளம் வெட்டினார். ‘அமிர்த சரஸ்’ என்றால் அமுதக்குளம். ஊருக்கு முதலில் குருவின் பெயரால் ராம்தாஸ்பூர் என்றுதான் பெயர். பிற்பாடு குளத்தின் பெயரே ஊருக்கு ஆகிவிட்டது.

அவருடைய மகன் ஐந்தாம் குரு அர்ஜன், அந்தக் குளத்தின் நடுவே ஹர்மந்திரை எழுப்பினார். நம்மூர் தெப்பக்குளத்து நீராழி மண்டபத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம், இங்கே தெப்பம் வேண்டாம். கரையிலிருந்து கோயிலுக்கு நீர் மேலேயே ஒரு பாதை போகிறது. இன்றைய அளவில் குளம் ஏறத்தாழ 150 மீட்டர் சதுரம், பாதை ஏறத்தாழ 60 மீட்டர் நீளம். ஆனால் கோயில் வெறும் 12 மீட்டர் சதுரம்தான். படத்தில் பார்த்துப் பிரம்மாண்டம் என்று நினைத்துப் போகிறவர்கள் நேரில் பார்த்ததும், ‘இவ்வளவுதானா?’ என்று ஒரு நொடி திகைப்பார்கள். அடுத்த நொடியே அந்தச் சிறிசில்தான் அழகு இருக்கிறது என்று தெரிந்துவிடும். சுற்றிலும் அவ்வளவு தண்ணீர், அவ்வளவு வானம், நடுவில் ஒரு சின்ன பொன்துண்டு.

குரு அர்ஜன் செய்த இரண்டு தீர்மானங்களை இன்றும் அங்கே உடம்பால் உணரலாம். ஒன்று, வளாகம் ஊரின் தரைமட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கிறது. எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் படியிறங்கித்தான் போக வேண்டும். மலைமேலும் மேடைமேலும் கோயில் கட்டிய நாட்டில், இறங்கிப் போகிற கோயில். இன்னொன்று, கோயிலுக்கு நான்கு திசையிலும் நான்கு வாசல். எந்த வர்ணத்தாரும் எந்தத் திசையிலிருந்தும் வரலாம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள்.

அடிக்கல்லை லாகூரின் சூஃபி ஞானி மியான் மீர் நாட்டினார் என்று ஒரு மரபுக் கதை உண்டு. ஆரம்பகால சீக்கிய நூல்களில் இந்தச் செய்தி கிடையாது, பின்னால் வந்த கதை என்கிறார்கள் வரலாற்றாய்வாளர்கள். இருந்தாலும் இந்தக் கதை இத்தனை காலம் பிடிவாதமாக நிலைத்திருப்பதே ஒரு தகவல்தான். தங்கள் கோயிலின் முதல் கல்லில் ஒரு முஸ்லிமின் கை பட்டிருக்க வேண்டும் என்று ஒரு சமூகம் ஆசைப்பட்டிருக்கிறது.

1604இல் குரு அர்ஜன் தொகுத்த ஆதி கிரந்தம் இந்தக் கோயிலில் வைக்கப்பட்டது. சீக்கிய குருக்களின் பாடல்களோடு நெசவாளி கபீர், செருப்புத் தைத்த ரவிதாஸ், தையல் தொழிலாளி நாமதேவர், சூஃபியான ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் அதில் இருக்கின்றன. கோயிலுக்குள் சிலை கிடையாது, புத்தகம்தான். நான்கு வாசல் என்ன சொல்கிறதோ, உள்ளே இருக்கும் புத்தகமும் அதையேதான் சொல்கிறது.

*

இரண்டே வருஷத்தில் எல்லாம் மாறியது. 1606இல் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் ஆணையால் லாகூரில் குரு அர்ஜன் சித்திரவதைக்குப் பின் உயிர்விட்டார். அவருடைய மகன் ஹர்கோபிந்த் அப்போது சிறுவர். குருவாகப் பொறுப்பேற்றபோது அவர் இடுப்பில் இரண்டு வாள்களைக் கட்டிக்கொண்டார் என்கிறது மரபு. ‘மீரி’ எனும் உலக அதிகாரத்துக்கு ஒரு வாள், ‘பீரி’ எனும் ஆன்மிக அதிகாரத்துக்கு ஒரு வாள்.

ஹர்மந்திருக்கு எதிரே, குளக்கரையில், அவர் உயரமான ஒரு மேடை கட்டினார். அதுதான் அகால் தக்த். ‘அகால்’ என்றால் காலமற்றவன், ‘தக்த்’ என்றால் அரியணை. முகலாய அரியணையில் காலத்துக்கு உட்பட்ட ஒருவன் இருக்கிறான், இங்கே இருப்பது காலமற்றவனின் அரியணை. சொல்லாமல் சொன்ன செய்தி இது. அங்கே அமர்ந்து குரு வழக்குகள் கேட்டார், வீரர்களைப் பார்வையிட்டார், குதிரைகளையும் ஆயுதங்களையும் காணிக்கையாகப் பெற்றார்.

இந்த மேடையை யார் கட்டினார்கள் என்பதற்கு ஒரு மரபுச் செய்தி இருக்கிறது. குரு தம் கையால் தொடங்கிவைத்தார். மூத்த அடியார் பாபா புத்தாவும், ஆதி கிரந்தத்தை எழுத்தில் வடித்த பாய் குர்தாஸும் கட்டி முடித்தார்கள். கொத்தனார், கூலியாள் என்று வேறு எவர் கையும் அதில் படவில்லை. வரலாற்று ரீதியாக இது அப்படியே நடந்ததா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அகால் தக்த் என்றதுமே ‘யார் கை?’ என்ற கேள்வி அதனோடு சேர்ந்தே பிறந்துவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 1984க்கு வரும்போது தேவைப்படும்.

இந்த இரண்டு கட்டடங்களையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. தண்ணீருக்கு நடுவில் இருப்பது தாழ்ந்து பணியும் கோயில், கரையில் இருப்பது நிமிர்ந்து நிற்கும் பீடம். பகல் முழுக்க ஹர்மந்திரில் இருக்கும் கிரந்தம், இரவில் பல்லக்கில் ஊர்வலமாக அகால் தக்துக்குப் போய் அங்கே ஓய்வெடுக்கிறது. விடியும் முன் மறுபடி கோயிலுக்கு வருகிறது. அந்தப் பல்லக்குக்குத் தோள் கொடுக்க ராத்திரி பத்து மணிக்கும் ஜனம் முண்டியடிக்கும். இரண்டுக்கும் நடுவே தினமும் ஒரு நூல் இழுத்துக் கட்டப்படுகிறது.

*

ஹர்கோபிந்த் 1630களில் அமிர்தசரஸை விட்டு மலையடிவாரத்துக்குப் போய்விட்டார். அதன்பிறகு கோயில் வெகுகாலம் குருக்களை எதிர்த்த ஒரு பங்காளிக் குடும்பத்தின் கையில் இருந்தது. 1664இல் ஒன்பதாம் குரு தேக் பகதூர் வந்தபோது கோயில் கதவைச் சாத்திவிட்டார்கள். நான்கு வாசல் வைத்த கோயிலில் குருவுக்கே வாசல் இல்லை! பத்தாம் குரு கோபிந்த் சிங் 1699இல் கால்சாவை உருவாக்கிய பிறகுதான், பாய் மணி சிங்கின் பொறுப்பில் கோயில் மறுபடி சீக்கியர்களிடம் வந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டை இந்தக் கோயிலின் மரண நூற்றாண்டு என்றே சொல்லலாம். மணி சிங் 1730களில் லாகூரில் கொல்லப்பட்டார். 1740இல் மஸ்ஸா ரங்கர் எனும் முகலாய அதிகாரி ஹர்மந்திருக்குள் நாட்டியமும் மதுவுமாகக் கச்சேரி நடத்தினான். மேத்தாப் சிங், சுகா சிங் என்ற இருவர் வரி கட்ட வந்தவர்கள் போல உள்ளே நுழைந்து அவன் தலையை வெட்டிக்கொண்டு போனார்கள். 1757இல் ஆப்கானிய மன்னன் அகமத் ஷா அப்தாலியின் படை கோயிலைச் சிதைத்தது. அதை மீட்கப் புறப்பட்ட முதியவர் பாபா தீப் சிங், வெட்டுண்ட தன் தலையைக் கையில் ஏந்தியபடி போரிட்டுக் கோயில் பிராகாரம் வரை வந்து விழுந்தார் என்பது கதை. அவர் விழுந்த இடம் என்று ஒன்றை இன்றும் காட்டுகிறார்கள். அங்கே குனிந்து தரையைத் தொட்டு வணங்காமல் போகிறவர்கள் குறைவு.

1762இல் அப்தாலி மறுபடி வந்தான். அந்த பிப்ரவரியில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான சீக்கியர்கள், பெண்களும் குழந்தைகளுமாகக் கொல்லப்பட்டார்கள். ‘வட்டா கல்லுகாரா’, பெரும் படுகொலை என்று அதைச் சொல்வார்கள். சில வாரங்களில் ஹர்மந்திரை வெடிமருந்து வைத்துத் தகர்த்து, குளத்தை இடிபாடுகளாலும் செத்த மாடுகளாலும் நிரப்பினான். 1764இல் இன்னொரு முறை வந்தபோது கோயிலில் காவலுக்கு இருந்தவர்கள் குர்பக்ஷ் சிங்கும் அவரோடு முப்பது பேரும் மட்டுமே. ஒருவரும் மிஞ்சவில்லை.

ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது? காட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள் முதலில் குளத்தைத்தான் தூர் வாரினார்கள். பிறகு கோயில். ஆக, இன்று நாம் பார்ப்பது குரு அர்ஜன் கட்டிய கட்டடம் இல்லை. ஜஸ்ஸா சிங் ஆலுவாலியா தலைமையில் 1764-65 வாக்கில் தொடங்கி, 1776 வாக்கில் உருவம் பெற்ற கட்டடம். இந்தக் கோயிலின் பழமை அதன் கல்லில் இல்லை. தூர் வாரிய கைகளின் பழக்கத்தில் இருக்கிறது.

*

1799இல் லாகூரைப் பிடித்த ரஞ்சித் சிங், சில வருடங்களில் அமிர்தசரஸையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தார். பளிங்கும் பொன்னும் அவர் காலத்தில் வந்தவை. 1830 வாக்கில் தங்கம் போர்த்தப்பட்டது. முழுசாகத் தங்கம் என்று நினைக்க வேண்டாம். செப்புத் தகடுகளின் மேல் தங்கம் ஏற்றி, மேல்தளங்களிலும் கும்பத்திலும் பொருத்தியிருக்கிறார்கள். கீழ்த்தளம் வெள்ளைப் பளிங்கு. அதில் வண்ணக் கற்களைச் செதுக்கிப் பதித்த வேலைப்பாடு, பஞ்சாபியில் ‘ஜரத்காரி’. தாஜ்மகாலில் பார்த்த அதே தொழில்நுட்பம்தான். ஆனால் தாஜ்மகாலில் பூவும் கொடியும் மட்டும். இங்கே பூவுக்கு நடுவில் பறவை, மீன், யானை எல்லாம் எட்டிப்பார்க்கும், ஒன்றிரண்டு சாமியார்கள்கூட உட்கார்ந்திருப்பார்கள்.

கும்பம் அரை உருண்டையாக உப்பாமல் தாழ்ந்து பரந்திருக்கிறது. கவிழ்த்து வைத்த தாமரை என்பார்கள். மேலே ராஜஸ்தானத்துச் சத்ரிகள், வங்கத்துக் குடிசைக்கூரை போல வளைந்த விளிம்புகள், முகலாய வளைவுகள். எல்லாம் கடன்தான், ஆனால் சேர்த்த விதத்தில் வேறு ஒன்றாகிவிட்டது. கலை வரலாற்றில் இதற்கே சீக்கியக் கட்டடக்கலை என்று பெயர். வேலை செய்தவர்களில் பஞ்சாபி முஸ்லிம் கைவினைஞர்களும் நிறைய. உள்சுவர்களில் ஈரச் சுண்ணாம்பின் மேல் வரைந்த ‘மோராகசி’ ஓவியங்கள். இருபதாம் நூற்றாண்டில் கியான் சிங் நக்காஷ் எனும் ஓவியர் வாழ்நாளில் முப்பது வருஷத்துக்கும் மேல் இந்தச் சுவர்களுக்கே கொடுத்தார்.

ரஞ்சித் சிங் இவ்வளவு செலவு செய்தும் வாசலில் பொறித்த வாசகத்தில் ‘நான் கட்டினேன்’ என்று போட்டுக்கொள்ளவில்லை. குரு தன்னை இந்தச் சேவைக்குத் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் அதன் சாரம். அப்படிப் போட்டுக்கொண்டால்தான் அங்கே செல்லும். அவர் முறைதவறியதாகச் சொல்லி அகால் தக்தின் தலைவர் அகாலி பூலா சிங் அவரைக் கூப்பிட்டு விசாரித்துக் கசையடி விதித்தார், மகாராஜா சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார், கூட்டம் கெஞ்சியதால் தண்டனை குறைக்கப்பட்டது என்று ஒரு கதை பஞ்சாபில் எல்லோருக்கும் தெரியும்.

*

1849இல் பஞ்சாப் ஆங்கிலேயரிடம் போனது. கோயில் நிர்வாகத்துக்கு அரசே ஒரு மேலாளரை நியமித்தது. குளக்கரையில், ஹர்மந்திரைப் பார்த்தபடி, செங்கல்லில் ஒரு கோத்திக் பாணி மணிக்கூண்டும் கட்டினார்கள். பழைய புகைப்படங்களில் அதைப் பார்த்தால் சாப்பாட்டு இலையில் செருப்பை வைத்த மாதிரி இருக்கும். பின்னால் அது இடிக்கப்பட்டுவிட்டது.

அரசு நியமித்த நிர்வாகம் எவ்வளவு தூரம் போகும் என்பது 1919இல் தெரிந்தது. கோயிலிலிருந்து சில நிமிட நடையில் இருக்கிற ஜாலியன்வாலா பாகில் நூற்றுக்கணக்கானவர்களைச் சுட்டுக் கொன்ற டயருக்கு, இதே கோயிலில் மரியாதை செய்யப்பட்டது. சீக்கியர்கள் அதை மறக்கவில்லை.

அடுத்த வருஷம் இன்னொரு உரசல். 1920 அக்டோபர் 12. ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து சீக்கியத்துக்கு வந்தவர்கள் ஹர்மந்திருக்குப் பிரசாதம் எடுத்து வந்தார்கள். பூசாரிகள் வாங்க மறுத்தார்கள். நான்கு வாசலைக் காட்டிப் பெருமை பேசிய கோயில், கபீரையும் ரவிதாஸையும் தினமும் பாடுகிற கோயில், அவர்கள் கைப்பட்ட பிரசாதத்தை மட்டும் ஏற்காது! வாக்குவாதம் முற்றியபோது கிரந்தத்தையே கேட்போம் என்று முடிவானது. விரித்த பக்கத்தில் வந்த பாடல் வந்தவர்களுக்குச் சாதகமாக இருந்தது. பிரசாதம் ஏற்கப்பட்டது. கூட்டம் அங்கிருந்து அகால் தக்துக்குப் போனபோது அதன் பூசாரிகள் பீடத்தை விட்டு எழுந்து போய்விட்டார்கள். காலியான பீடத்தைத் தொண்டர்களே ஏற்றார்கள். அடுத்த மாதம் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி பிறந்தது. அரசு 1921இல் கோயில் கருவூலச் சாவிகளைப் பறித்துக்கொண்டது. போராட்டத்துக்குப் பின் 1922 ஜனவரியில் திருப்பித் தந்தது. 1925இல் குருத்வாராக்களை சீக்கியர்களே தேர்ந்தெடுக்கும் அமைப்பு நிர்வகிக்கும் என்று சட்டமே வந்தது.

இடையில், 1923இல், குளத்து நீரை வடித்துவிட்டு வண்டலை அள்ளினார்கள். வக்கீலும் விவசாயியும் ராணுவத்தில் இருந்தவரும் தலையில் சேற்றுக்கூடையோடு வரிசையில் நின்றார்கள். இதன் பெயர் ‘கார் சேவா’. ‘கார்’ என்றால் வேலை. ‘கர’ என்று எடுத்துக் ‘கைத்தொண்டு’ என்று பொருள் சொல்பவர்களும் உண்டு. 1973இலும் 2004இலும் மறுபடி செய்தார்கள். கூலி கிடையாது, பெயர் எழுதிக்கொள்வது கிடையாது. வளாகத்தில் அன்றாடம் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் சாப்பிடும் லங்கரில் ரொட்டி தட்டுவதும், பாத்திரம் கழுவுவதும், வாசலில் செருப்புகளை வாங்கி வைப்பதும் எல்லாம் இதே கணக்குதான்.

தமிழில் நமக்கு இந்த வார்த்தை வேறு வழியாக வந்தது. 1990களின் ஆரம்பத்தில் அயோத்திச் செய்திகளில்தான் ‘கரசேவை’, ‘கரசேவகர்’ என்று நம் பத்திரிகைகளில் படித்தோம். பஞ்சாபில் நூற்றாண்டுகளாகத் தூர் வாருவதற்கும் கட்டுவதற்கும் பயன்பட்ட ஒரு சொல், 1992 டிசம்பர் 6க்குப் பிறகு நம் காதில் வேறு மாதிரி விழுகிறது. இதற்கு அந்தச் சொல் பொறுப்பில்லை.

*

இப்போது 1984.

1983 டிசம்பரில் ஜர்னைல் சிங் பிந்தரன்வாலே தன் ஆயுதந்தாங்கிய ஆட்களோடு அகால் தக்துக்குள் குடிபுகுந்தார். முன்னாள் ராணுவ ஜெனரல் ஷாபேக் சிங் அந்தக் கட்டடத்தை ஒரு கோட்டையாக மாற்றினார். பளிங்குச் சுவர்களில் துப்பாக்கித் துளைகள், ஜன்னல்களில் மணல் மூட்டைகள். பஞ்சாபில் கொலைகள் தினசரிச் செய்தியாக இருந்த காலம். கோயிலைக் கோட்டையாக்கியவர்களின் பொறுப்பை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

ராணுவம் உள்ளே போக அரசு தேர்ந்தெடுத்த நாட்கள்தான் ஆறாத புண். குரு அர்ஜன் உயிர்விட்ட நினைவுநாள் அந்த வருஷம் ஜூன் 3ஆம் தேதி வந்தது. கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் வளாகத்துக்குள் இருந்தபோதே ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. ஜூன் 5 இரவு தாக்குதல் தொடங்கியது. மேற்குப் பிராந்தியத் தளபதியாக இருந்த சுந்தர்ஜி செங்கல்பட்டில் பிறந்த தமிழர். உள்ளே அனுப்பப்பட்ட படைகளில் மெட்ராஸ் ரெஜிமென்டின் 26ஆவது பட்டாலியனும் ஒன்று. எங்கோ வடக்கே நடந்த விஷயம் என்று நாம் சுலபமாக ஒதுக்கிவிட முடியாது.

அகால் தக்திலிருந்து வந்த குண்டுமழையில் வீரர்கள் கொத்துக்கொத்தாக விழவே, விஜயந்தா டாங்கிகள் உள்ளே கொண்டுவரப்பட்டன. டாங்கிகள் அகால் தக்தை நோக்கிச் சுட்டன. விடிந்தபோது அதன் முகப்பு இல்லை. பிந்தரன்வாலேயும் ஷாபேக் சிங்கும் உள்ளே இறந்துகிடந்தார்கள். ஹர்மந்திரை நோக்கிச் சுடக்கூடாது என்று உத்தரவு இருந்தும் அதிலும் குண்டுத் தடங்கள் பதிந்தன. கையெழுத்துப் பிரதிகளைக் காத்துவந்த நூலகம் எரிந்தது. அரசின் வெள்ளை அறிக்கை ராணுவத்தினர் 83 பேர், மற்றவர்கள் 493 பேர் இறந்ததாகக் கணக்குச் சொன்னது. அந்த இரண்டாவது எண்ணை நம்பும் சீக்கியரை நான் இதுவரை கண்டதில்லை.

அரசுக்கு ஒன்று புரிந்தது. சிதைந்த அகால் தக்த் அப்படியே நின்றால், பார்க்கிற ஒவ்வொரு கண்ணிலும் கோபம் ஏறும். உடனே சரிசெய்துவிட வேண்டும். சீக்கியத் தலைவர்கள் சொன்னது: ‘ராணுவம் வெளியே போகட்டும். நாங்கள் கார் சேவா செய்து கட்டிக்கொள்கிறோம்.’ அரசு காத்திருக்கவில்லை. மத்திய அமைச்சர் பூட்டா சிங் முன்னின்று, நிகாங் பிரிவொன்றின் தலைவர் பாபா சாந்தா சிங்கை அழைத்து வந்தார். பெயருக்கு அது கார் சேவா. வேலை நடந்தது அரசுப் பணத்தில், ஒப்பந்தக்காரர் வழியாக, ராணுவக் காவலில். சாந்தா சிங்கைத் தலைமைக் குருமார்கள் மதத்திலிருந்து விலக்கினார்கள். பிற்பாடு பூட்டா சிங்கையும் விலக்கினார்கள். சில மாதங்களிலேயே கட்டடம் தயார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் யாருக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இதற்குள் அக்டோபர் 31இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களில் டெல்லியில் மட்டும், அரசுக் கணக்குப்படியே, 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். பளபளவென்று நின்ற அந்தக் கட்டடத்தின் முன்னால் நின்று அழுதவர்களுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும்? அப்பாவை அடித்துப் போட்டவனே காரியச் செலவுக்குப் பணம் கொடுத்த மாதிரி.

*

1986 ஜனவரி 26இல் கூடிய ‘சர்பத் கால்சா’ எனும் பேரவை, அந்தக் கட்டடத்தை இடித்துக் கார் சேவாவால் மறுபடி கட்ட வேண்டும் என்று தீர்மானித்தது. அந்தக் கூட்டத்தில் தீவிரவாத இளைஞர்களின் கை ஓங்கியிருந்தது. அதே வளாகத்திலிருந்து ஏப்ரலில் காலிஸ்தான் பிரகடனமும் வந்தது. பஞ்சாபின் இருண்ட வருஷங்கள் அதற்குப் பிறகும் நீண்டன. அந்த அரசியலை ஏற்காதவர்களும் இடிப்பை ஏன் ஏற்றார்கள் என்ற கேள்விக்கு இப்போது நமக்குப் பதில் தெரியும். அப்தாலி இடித்ததை அப்தாலியே கட்டித் தந்திருந்தால்? 1762இல் அதை யாரும் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டார்கள். 1984இல் அது நடந்தது. கட்டுவதும் ஒரு உரிமைதான். துக்கம் கொண்டாடுவதற்கான உரிமை அது. அரசு ஹர்மந்திரின் கரையில் ஒரு கட்டடத்தைக் கட்டித் தந்தது, அந்த உரிமையை எடுத்துக்கொண்டது.

புதிய அகால் தக்தைக் கட்டி முடிக்க ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. கூடை கூடையாகச் செங்கல் சுமந்தவர்களுக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டாகவே இல்லை. பூட்டா சிங் பின்னாளில் பொற்கோயிலுக்கு வந்து, தண்டனையை ஏற்று, பாத்திரம் கழுவி, பக்தர்களின் செருப்பைத் துடைத்தார். மத்திய அமைச்சராக இருந்தவரின் கையும் கடைசியில் சேவைக்குத்தான் வந்தது.

இங்கேயே முடித்திருந்தால் நல்ல கதை. ஆனால் எனக்கு ஒரு உறுத்தல் மிச்சமிருக்கிறது.

குளத்தைச் சுற்றி ஒருகாலத்தில் எழுபதுக்கு மேற்பட்ட ‘புங்கா’க்கள் இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டுச் சீக்கியக் குழுக்கள் கட்டிய மாளிகைகள் அவை. 1940களில் பிராகாரத்தை அகலப்படுத்த என்று பெரும்பாலானவற்றை இடித்துவிட்டார்கள். இரண்டு கோபுரங்களோடு ராம்கடியா புங்கா மட்டும் தப்பி நிற்கிறது. பஞ்சாப் முழுக்கப் பழைய குருத்வாராக்களை இடித்துவிட்டுப் பளிங்கில் புதுசாக எழுப்புகிறார்கள், கார் சேவா என்ற பெயரில்தான். சுவரோவியங்கள் சுண்ணாம்புக்கும் ஓடுகளுக்கும் அடியில் போய்விட்டன. 2019 மார்ச் இறுதியில் தர்ன் தாரனில், 19ஆம் நூற்றாண்டு நுழைவாயிலின் மேல்பகுதியை ராத்திரியோடு ராத்திரியாக இடித்தபோது சாதாரண பக்தர்களே திரண்டு வந்து தடுத்தார்கள். ‘நம் கை, நாமே இடிக்கலாம், நாமே கட்டலாம்’ என்ற அதே நம்பிக்கைதான் இங்கே நினைவையும் சேர்த்து இடிக்கிறது.

ஜாலியன்வாலா பாகில் 1919இன் குண்டுத் தடங்களைச் சுவரில் வெள்ளைக் கட்டம் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் விரல் நீட்டி எண்ணலாம். அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் அகால் தக்த். டாங்கிக் குண்டு துளைத்த அந்தச் சுவர் இன்று இல்லை. முதலில் அரசு அதை மூடியது, பிறகு சீக்கியர்களே அந்த மூடலையும் சேர்த்து இடித்தார்கள். அடுத்த தலைமுறைப் பையன் ஒருவன், ‘எங்கே சுட்டாங்க?’ என்று கேட்டால் காட்டுவதற்கு அந்தக் கட்டடத்தில் ஒன்றுமில்லை.

2021 ஜூனில் அங்கே ஒரு கிரந்தப் பிரதியை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். 1984இல் ஹர்மந்திருக்குள் இருந்தது. ஒரு தோட்டா அட்டையைத் துளைத்து உள்ளே பாய்ந்திருக்கிறது. முப்பத்தேழு வருஷம் பத்திரமாக எடுத்து வைத்திருந்திருக்கிறார்கள். வரிசை நீண்டிருந்தது. பெரியவர்கள் தலை குனிந்து கும்பிட்டுக்கொண்டே அந்தத் துளையைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

கட்டடத்தை நூறு முறை கட்டலாம். அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் தைத்து ஒட்டவில்லை.